ஒற்றைத் துளைப் பட்டை

"மேல யாராவது குடியிருக்காங்களா, வாணி?"

"இல்லக்கா. தோல் ரோலைப் போட்டு வச்சிருக்கேன். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். ஃபேன் ஓடுற சத்தமே கேக்கல."

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்குக்கா ஃபேன்?"

"அதுவும் சரிதான். வாணி… உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"…இல்ல, விடு. செருப்பு ரெடியானதும் வருவேன்ல, அப்பக் கேக்குறேன்."

இவ்வளவுதான் பேச்சு. ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்துவிட்டு, இசைவாணி தன் எதிரே இருந்தவளைப் பார்த்தாள்.

"சௌந்தரம் அக்கா மூணு தடவை வந்தாங்க மேடம். மூணு தடவையும் இப்படித்தான் ஆரம்பிச்சி பாதியில நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவுங்க வரவே இல்ல. மூணு மாசம் ஆச்சு."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது பிரிசில்லாவின் அலுவலகம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினோரு வருடம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தவள், இப்போது அதே மூக்கைத் தன் சொந்தத் தொழிலுக்கு வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இருக்கும் ஒரே உதவியாளன் கொளஞ்சியப்பன், முன்னாள் டவுன் பஸ் கண்டக்டர். வாய் இல்லாவிட்டால் இன்னமும் கண்டக்டராகவே இருந்திருப்பான்.

இசைவாணி சிதம்பரத்தில் தனியாகப் பட்டறை வைத்திருப்பவள். அளவெடுத்துச் சட்டை தைப்பாள். தோள்பை, பெல்ட், செருப்பும் அளவெடுத்துத்தான். பிரிசில்லாவின் நாற்காலியில் தொங்கிய காப்பிக்கொட்டை நிறத் தோள்பை அவள் கைவேலை. அந்தப் பழக்கத்தில்தான் காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

"அந்த சௌந்தரம் அக்காவுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு. கல்யாணம் பண்ணிக்கல. இருபது வருஷம் நர்ஸ் வேலை பாத்து, அந்தச் சம்பாத்தியத்துல புவனகிரியில வீடு கட்டினாங்க. தம்பி ராஜவேலுவும் தம்பி பொண்டாட்டி பொன்னியும் கூடவே இருக்காங்க. நான் போன் பண்ணா தம்பிதான் எடுக்குறாரு. 'அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல'ன்னு வச்சிடறாரு."

"நேர்ல போனீங்களா?"

"ரெண்டு தடவ. கேட்டுக்கு உள்ளேயே விடல. போலீஸ்ல போய்ச் சொல்லலாம்னா என்னன்னு சொல்றது? செருப்பு தேஞ்சிருக்குன்னா யாராவது கேஸ் எடுப்பாங்களா?"

"செருப்பா?"

இசைவாணி பையிலிருந்து ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கணுக்காலைச் சுற்றி வார் போட்ட, நேர்த்தியான தோல் செருப்பு. இடது செருப்பின் அடி மட்டும் ஒன்றேகால் அங்குலம் உயரமாக இருந்தது. தோலை அடுக்கடுக்காக ஒட்டி, ஓரம் தெரியாமல் இழைத்திருந்தாள்.

"நம்ம டேபிள்ல செருப்பை வச்ச மொத கிளையண்ட் இவுங்கதான் மேடம்," என்றான் கொளஞ்சியப்பன். "மத்தவங்க எல்லாம் நம்ம மேல தூக்கி எறிஞ்சிருக்காங்க, அவ்ளோதான்."

பிரிசில்லா சிரிக்கவில்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறு வயசுல அக்காவுக்கு இடது தொடை எலும்பு முறிஞ்சி, குட்டையாக் கூடிப் போச்சு," என்றாள் இசைவாணி. "இது நான் தச்சுக் குடுத்த ரெண்டாவது ஜோடி. ரெடியானதும் அக்கா வரல, தம்பிதான் வந்து வாங்கிட்டுப் போனாரு. நாலு நாள் முன்னாடி அவரே திருப்பிக் கொண்டாந்தாரு. இந்த மாதிரிச் செருப்பை வேற யாரும் கை வைக்க மாட்டாங்களாம். வியாழக்கிழமைக்குள்ள வேணும்னாரு. அக்கா வெள்ளிக்கிழமை காலைல காசிக்குக் கெளம்புறாங்களாம்."

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"ஆமா மேடம். காசு குடுக்கும்போது ஒண்ணு சொன்னாரு. 'இதுதான் கடைசி ரிப்பேர்'னாரு." இசைவாணியின் குரல் இறங்கியது. "அதைச் சொல்லிட்டுச் சிரிச்சாரு."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது.

"இதைப் போட்டுக்கிட்டு அந்த ஜன்னல் வரைக்கும் நடங்க, பாப்போம்," என்றாள் பிரிசில்லா.

இசைவாணி போட்டுக்கொண்டு நடந்தாள். நாலே அடியில் இடுப்பு ஒரு பக்கம் ஏறி இறங்கியது.

"நொண்டுறீங்க."

"ஆமா. எனக்கு ரெண்டு காலும் சமம். இதைப் போட்டா…" இசைவாணி நின்றுவிட்டாள். கால் பக்கம் குனிந்து பார்த்தாள். "மேடம், அக்கா இதைப் போட்டா நேரா நடப்பாங்க. அவுங்க நொண்டாம இருக்கத்தான் இதையே தச்சேன்."

"இப்ப இடது செருப்போட நுனியைப் பாருங்க."

விரல்கள் முடியும் இடத்தில் தோல் அரைத்தாற்போல் தேய்ந்திருந்தது. காலைத் தரையில் இழுத்து இழுத்து நடந்தால் மட்டும் தேயும் இடம்.

"பழைய ஜோடி எப்படித் தேஞ்சிருந்தது?"

"ரெண்டும் குதிகால்ல, ஒரே மாதிரி."

"அப்ப மூணு மாசமா வேற யாரோ இந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு நொண்டியிருக்காங்க. ஊர் பாக்கணும்னு நொண்டியிருக்காங்க." பிரிசில்லா எழுந்து தோள்பையை மாட்டிக்கொண்டாள். "கொளஞ்சி, வண்டியை எடு. மொதல்ல சிதம்பரம்."

கொளஞ்சியப்பனுக்கும் உடனே ஜோக் வரவில்லை. படியிறங்கும்போதுதான் கேட்டான். "மேடம், உயிரோட இருக்கறவங்களுக்கு யாரும் டூப் போட மாட்டாங்க, இல்ல?"

பிரிசில்லா இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

*

ஐப்பசி மேகம் கடல் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போதே மத்தியானம் சாயங்காலமாகிவிட்டது. காரில் ஒரு முறை இசைவாணி, "நான் முன்னாடியே வந்திருக்கணும்," என்றாள்.

பட்டறை மேலவீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. ஒரு பக்கம் தையல் மெஷினும் பாதி தைத்த சட்டை மாட்டிய பொம்மையும். இன்னொரு பக்கம் தோல் வெட்டும் மரப்பலகை, துளைபோடும் ஊசிகள், மெழுகு நூல் கண்டுகள். பதப்படுத்திய தோலின் வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது.

கொளஞ்சியப்பன் கேட்காமலே மாடிப்படி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "ஜன்னல் இருக்கு, ஃபேன் இருக்கு, பாத்ரூம் இருக்கு. என் வீட்டுல இதுல ரெண்டு கெடையாது. இங்க தோலுக்கு வந்த வாழ்வைப் பாருங்க."

"வாயை மூடு," என்ற பிரிசில்லா, இசைவாணி பக்கம் திரும்பினாள். "ராஜவேல் செருப்பு வாங்க வந்தப்ப வேற ஏதாவது கேட்டாரா?"

"வேறன்னா… நாய்க்குட்டிக்குக் கழுத்துப் பட்டை ஒண்ணு கேட்டாரு. ராஜபாளையம் குட்டி வாங்கியிருக்காராம். உக்காந்திருந்து கையோட வாங்கிட்டுப் போனாரு."

"அளவு?"

"நூல்ல முடிச்சுப் போட்டு எடுத்தாந்தாரு. இருங்க." இசைவாணி ஆணியில் குத்தி வைத்திருந்த ஆர்டர் சீட்டுகளைப் புரட்டி ஒன்றை உருவினாள். எந்த ஆர்டரானாலும் வாடிக்கையாளர் கொடுத்த அளவு நூலைச் சீட்டோடு சேர்த்துக் குத்தி வைப்பது அவள் வழக்கம். அழுக்கு வெள்ளை நூல். இரண்டு இடத்தில் முடிச்சு.

சீட்டில் அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'நாய்ப் பட்டை. தடித்த தோல். பக்கிள் பக்கத்தில் இரும்பு வளையம். துளை 1.'

"ஒரு துளைதானா?"

"நான் அஞ்சு போடுறேன்னு சொன்னேன் மேடம். வளர்ற குட்டி, ரெண்டு வாரத்துல கழுத்து பெருத்துடும். அவருதான் ஒண்ணு போதும்னாரு. இந்த அளவுக்கு மேலயும் வேணாம், கீழயும் வேணாம்னு."

பிரிசில்லா நூலைச் சீட்டிலிருந்து கழற்றித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "செருப்பைச் சரி பண்ணிடுங்க. இன்னைக்கே கொண்டுபோய்க் குடுக்கணும்."

இசைவாணி உட்கார்ந்தாள். தேய்ந்த நுனியை வெட்டி எடுத்து, புதுத் தோலை ஒட்டித் தைத்தாள். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. இரண்டும் ஒரே துளையில் எதிரெதிராகப் போய் வந்தன.

"இது என்னம்மா, ஒரு ஓட்டைக்கு ரெண்டு ஊசி? டூட்டி மாறுற கண்டக்டர் மாதிரி," என்றான் கொளஞ்சியப்பன்.

"ஒரு இழை அறுந்தாலும் இன்னொண்ணு பிடிச்சிக்கும்ணே. நான் தச்சது எதுவும் இதுவரைக்கும் பிரிஞ்சதில்ல." பழக்கத்தில் வந்த பெருமைதான். சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

*

புவனகிரியில் அந்தத் தெருவின் முனையில் டீக்கடை. எதிர் வரிசையில் மூன்றாவது, பச்சை கேட் போட்ட வீடு. காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். பெண்கள் இருவரும் உள்ளேயே இருந்தார்கள். கொளஞ்சியப்பன் இறங்கி டீ சொன்னான்.

"மாமா, அந்தப் பச்சை கேட்டு வீட்டு நர்ஸம்மாவுக்கு ஒரு பார்சல். இருப்பாங்களா?"

"இருக்கும். சாயங்காலமானா தெருக்கோடி வரைக்கும் நடக்குமே. முக்காட்டைப் போட்டுக்கினு, மாஸ்க்கை மாட்டிக்கினு. யாராண்டயும் பேச்சு கெடையாது." டீக்கடைக்காரர் ஆற்றிய டீயை நீட்டினார். "பாவம். சின்னதுல இருந்தே விந்தி விந்திதான் நடக்கும். சிதம்பரத்துல ஏதோ செருப்பு செஞ்சி போட்டாந்துச்சு, ஒரு வருஷம் நம்மளாட்டம் நேரா நடந்துச்சு. இப்ப மூணு மாசமா மறுபடி நொண்டுது. காசிக்குப் போனாலாவது நல்லாவுதான்னு பாப்போம்."

"காசிக்குப் போறது உங்களுக்கும் தெரியுமா?"

"தெருவுக்கே தெரியும். அந்தத் தம்பி வீடு வீடாச் சொல்லியிருக்குல்ல?"

டீயை வைத்துவிட்டு, செருப்புப் பையோடு கொளஞ்சியப்பன் பச்சை கேட்டைத் தட்டினான். வந்தவன் நாற்பதைத் தாண்டிய ஆள். இஸ்திரி போட்ட சட்டை, சிரிக்காத முகம்.

"சார், சிதம்பரத்துல இருந்து செருப்பு. ராஜவேல் சார்தானே?"

"குடுத்துட்டுப் போ."

"அம்மா போட்டுப் பாத்து ஓக்கே சொல்லணும் சார். இல்லன்னா எங்க ஓனர் என்னைத் திரும்ப அனுப்புவாங்க. பஸ்ஸுக்கு எங்க சொந்தக் காசு."

ராஜவேல் ஒரு நிமிடம் அவனை முறைத்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா! செருப்பு வந்திருக்கு."

காருக்குள் இசைவாணி பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். முக்காடு, முகத்தில் மாஸ்க். வெறுங்காலில் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். எழுந்து கேட் வரைக்கும் நடந்து காட்டினாள்.

இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"அது அக்கா இல்ல," என்றாள் இசைவாணி. சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

கொளஞ்சியப்பன் கும்பிடு போட்டுவிட்டு வந்து காரில் ஏறினான். நெற்றியில் வேர்த்திருந்தது.

"மேடம், உள்ள இருக்கற எல்லாருக்கும் அந்தக்கா நொண்டித்தான் ஞாபகம். செருப்பைப் போட்டதும் நேரா நடக்கணும்னு கூட அவுங்களுக்குத் தெரியல. எப்படி மேடம் தெரியாமப் போகும்? ஒரே வீட்டுல இருக்காங்க."

"ஒரே வீட்டுல இருக்கறதாலதான்." பிரிசில்லா அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செருப்பை யாரு வீட்டுக்குள்ள போட்டுக்குவாங்க? வாசல்லயே விட்டுட்டு வெறுங்காலோடதானே உள்ள போவாங்க? அவுங்க நேரா நடந்ததைத் தெரு பாத்திருக்கு, டீக்கடை பாத்திருக்கு. வீடு பாக்கல. கூடப் பொறந்தவன் அக்காகூடத் தெருவுல நடந்து எத்தனை வருஷம் ஆச்சோ."

கொளஞ்சியப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்குக் காலைல இந்தச் செருப்பு தெருவே பாக்க நொண்டிக்கிட்டுப் போய் பஸ் ஏறும்," என்றாள் பிரிசில்லா. "திரும்பி வராது. அப்புறம் சௌந்தரத்தைத் தேடுறவங்க காசியில தேடுவாங்க, வழியில தேடுவாங்க. இந்த வீட்டுல தேட மாட்டாங்க."

இசைவாணி விம்மினாள். "அப்ப… அக்காவை ஏற்கெனவே…"

"கொளஞ்சி, உனக்கு நாய்னா பயம். உள்ள போனப்ப நாயைப் பாத்தியா?"

"இல்ல மேடம். நானும் கேட்டுல கை வச்சதுல இருந்து தேடுறேன். கொலைக்கல, கட்டிப்போட்ட தடம் இல்ல. வாசப்படியில ஒரு பூனை மல்லாந்து படுத்துத் தூங்குது. ராஜபாளையம் இருக்கற வீட்டுல பூனை அப்படித் தூங்குமா? அந்தப் பூனைக்கு இருக்கற நிம்மதி எனக்குக் கூட இல்ல."

"இசைவாணி, டேப்பை எடுங்க."

தையல்காரியின் கைப்பையில் டேப் இல்லாமல் இருக்குமா? இசைவாணி எடுத்தாள். பிரிசில்லா பர்ஸிலிருந்து அந்த நூலை எடுத்து டேப்பின்மேல் நீட்டிப் பிடித்தாள். முடிச்சிலிருந்து முடிச்சு எட்டரை அங்குலம்.

"இந்தச் செருப்புல கணுக்கால் வார் இருக்கே. சௌந்தரத்தோட கணுக்கால் அளவு எவ்வளவு?"

அதற்கு நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு ஜோடி தைத்தவளின் விரல்களுக்கே தெரியும். "எட்ட…"

வார்த்தை பாதியில் நின்றது.

வளராத நாய்க்குட்டி. ஒரே ஒரு துளை. பூட்டு மாட்ட ஒரு இரும்பு வளையம்.

"நான்தான் தச்சேன்," என்றாள் இசைவாணி. "அவன் எதிர்ல உக்காந்திருந்தான். பக்கிள் பளபளன்னு இருக்கட்டும்னு தொடைச்சிக் கூடக் குடுத்தேன். என் கையாலயே…"

"இங்க பாருங்க." பிரிசில்லா அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். அந்தக் கடுமையான குரலில் முதல் முறையாக ஈரம் இருந்தது. "காலையில இருந்து நான் பயந்துக்கிட்டே இருந்தேன். இப்பதான் மூச்சு வருது. செத்தவங்களை யாரும் கட்டிப் போட மாட்டாங்க. உங்க பட்டை ஒண்ணுதான் அந்தக்கா உயிரோட இருக்காங்கன்னு சொல்லுது."

வெளியே முதல் தூறல் விழுந்தது. பிரிசில்லா போனை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டரிடம் நாலு வரியில் விஷயத்தைச் சொன்னாள். "இருபது நிமிஷத்துல வர்றாங்களாம்," என்று வைத்தாள்.

அந்த நேரத்தில் பச்சை வீட்டின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. மழைக்காகச் சாத்தியிருக்கலாம். ஆனால் ராஜவேல் ஒரு முறை வெளியே வந்து, டீக்கடையையும் தெருவையும் கடைசியாகக் காரையும் பார்த்துவிட்டு உள்ளே போனான். போகும்போது கேட்டைப் பூட்டினான்.

"இருபது நிமிஷம் ஜாஸ்தி," என்றாள் பிரிசில்லா. கதவைத் திறந்து இறங்கினாள்.

*

கேட்டை ஏறிக் குதித்தவன் கொளஞ்சியப்பன். "ஓடுற பஸ்ல ஏறினவன் நான், நிக்கற கேட்டு எம்மாத்திரம்," என்று முனகிக்கொண்டே உள்பக்கத் தாழைத் தேடினான். கேட்டில் பூட்டு தொங்கியது. அதற்குள் வாசல் கதவு திறந்தது. கதவில் நின்றவள் பொன்னி. மாஸ்க் இல்லை, முக்காடு இல்லை. முப்பத்தைந்து வயதுக்கு அந்த முகம் ரொம்பக் களைத்திருந்தது.

"யாரு நீங்க?"

"செருப்பு சரியா இருக்கான்னு கேக்க வந்தோம்," என்றாள் பிரிசில்லா, கேட்டுக்கு வெளியே மழையில் நின்றபடி. "அதைப் போட்டா நொண்டக் கூடாதும்மா. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலயா?"

பொன்னியின் முகம் வெளிறியது. திரும்பி உள்ளே பார்த்தாள். கேட் வரைக்கும் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நாளைக்கு என்னைப் பஸ் ஏறச் சொல்றாரு. ரெண்டு நாள் கழிச்சி, முக்காட்டை எடுத்துட்டு, வேற பஸ்ல வான்னு சொல்றாரு. அந்த ரெண்டு நாளும் வீட்டுல நீங்க என்ன செய்வீங்கன்னு கேட்டேன்." அவள் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். "பதிலே சொல்லலங்க. சோறு போடுன்னாரு."

பேசிக்கொண்டே அவள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து கொளஞ்சியப்பன் கையில் வைத்தாள். "பெருசு கேட்டுக்கு. சின்னது ரெண்டும் உள்ளுக்கு. பின்னால நெல்லு மூட்டை அடுக்கற ரூம்பு. நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க."

"பொன்னி!"

ராஜவேல் கூடத்தில் நின்றிருந்தான். கொளஞ்சியப்பன் கேட்டைத் திறந்து சாவிக்கொத்தை நீட்ட, பிரிசில்லாவும் இசைவாணியும் உள்ளே வருவதற்கும் அவன் பாய்ந்து வருவதற்கும் சரியாக இருந்தது. "யார்ரா நீங்க? எங்க வீட்டுக்குள்ள எவனைக் கேட்டு வர்றீங்க?"

"உங்க வீடா, அக்கா வீடா?" என்றாள் பிரிசில்லா.

அந்த ஒரு கேள்விக்கு அவன் அரை நொடி தடுமாறினான். கொளஞ்சியப்பன் குறுக்கே போய் நின்றுகொண்டான். "சார், உள்ள போக டிக்கெட் வாங்கிட்டாங்க. நீங்க கொஞ்சம் பின்னாடி நவுருங்க." அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் கை ராஜவேலின் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. தெருமுனையில் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டதும் ராஜவேல் திமிறுவதை நிறுத்தினான்.

பின்னறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. ஈர நெல்லின் புழுக்கம். மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள் சௌந்தரம். பாதி உருவம்தான் மிச்சம் இருந்தது. வலது கணுக்காலில் தடித்த தோல் பட்டை. பக்கிளைக் கழற்ற முடியாதபடி அதையும் இரும்பு வளையத்தையும் சேர்த்துப் பூட்டியிருந்தது; அங்கிருந்து ஒரு சங்கிலி ஜன்னல் கம்பிக்குப் போயிற்று.

"வாணியா?"

இசைவாணி கைப்பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு சௌந்தரத்தின் காலடியில் உட்கார்ந்தாள். சாவிக்கொத்தில் எந்தச் சாவியும் பட்டையில் தொங்கிய பூட்டுக்குச் சேரவில்லை. அந்தச் சாவி ராஜவேலிடம் இருந்தது. காத்திருக்க அவளுக்கு மனமில்லை. தையலில் கத்தியை விட்டாள். ஒரு இழை அறுந்தது, இன்னொன்று பிடித்துக்கொண்டது. அதை அறுத்தாள், அடுத்த தையல் பிடித்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் கைவேலையைச் சபித்துக்கொண்டே தோலையே குறுக்கில் வெட்டினாள். பட்டை விழுந்தது. அதன் கீழே தோல் கன்றிப்போய்க் கறுத்திருந்தது.

"கையெழுத்துப் போடுன்னான்," என்றாள் சௌந்தரம். குரல் உடைந்து கரகரத்தது. "நான் போடலடி. இது நான் கட்டின வீடு."

கூடத்தில் காக்கிச் சீருடைகள் வந்துவிட்டிருந்தன. இரண்டு பெண் போலீஸ்காரர்கள் ராஜவேலின் இருபுறமும் நின்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பின்னறைப் பக்கம் வந்தவர், உள்ளே பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

இசைவாணி எழுந்து வாசலுக்குப் போனாள். படியில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அந்த வீட்டு ஆட்களின் செருப்பு ஒன்று வாசலைத் தாண்டி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

வலது வாரைப் புண்ணில் படாமல் தளர்த்திவிட்டு, இரண்டு கால்களிலும் மாட்டிவிட்டாள். சௌந்தரம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதல் அடி நடுங்கியது. இரண்டாவது அடியில் கையை எடுத்துவிட்டாள்.

தான் கட்டிய வீட்டின் கூடத்தில், தான் பதித்த தரையில், அவள் நேராக நடந்தாள்.

ராஜவேல் அவள் காலையே பார்த்தான். தன் நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் பார்க்காததைப் பார்ப்பவன் போல் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

வாசல்படியில் வந்து நின்றாள். மழை வலுத்திருந்தது. எதிரே டீக்கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் தம்ளரைக் கையில் வைத்தபடி இந்தப் பக்கமே பார்த்தார்கள். சத்தத்தில் விழித்துக்கொண்ட பூனை, எரிச்சலோடு இடம் மாறிப் படுத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா," என்றாள் பிரிசில்லா. "மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

"போகலாம்." ஆனால் சௌந்தரம் நகரவில்லை. இசைவாணியின் கையைத் தேடிப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"வாணி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு மூணு தடவை வந்தேன்."

"தெரியும்க்கா."

"மூணு தடவையும் கேக்காமத் திரும்பி வந்தேன். வெக்கம். சொந்த வீடு இருக்கறவ போய் இதைக் கேக்கலாமான்னு."

"இப்பக் கேளுங்கக்கா."

சௌந்தரம் மழையைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மேல அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கா? நான் வந்து இருந்துக்கட்டுமா?"